பட்டப்பகலில் இரண்டு விளக்கு

"பட்டப்பகல்ல எதுக்கும்மா விளக்கு? எனக்குக் கண்ணு தெரியலையா, இல்ல சூரியனுக்குக் கண்ணு தெரியலையா?"

எய்லெர்ட் தன் காரின் முன்னால் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் கேட்டார். காரின் முகத்தில் இருந்த இரண்டு வெள்ளை விளக்குகளும் அவரைப் பார்த்துப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. ஜூலை மாதக் கடைசி. வட நார்வேயில் அந்த நாட்களில் ராத்திரி என்பதே பேருக்குத்தான். சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து தூக்கம் வரும்வரை பேப்பர் படிக்கலாம். அப்படிப்பட்ட ஊரில் பகல் விளக்காம், பகல் விளக்கு!

பட்டறைக்காரி யோருன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள். எய்லெர்ட்டின் மகளோடு ஒரே வகுப்பில் படித்தவள். அந்த உரிமையில் வாய் கொஞ்சம் நீளம்.

"அது நீங்க பாக்கறதுக்கு இல்ல மாமா. மத்தவங்க உங்களைப் பாக்கறதுக்கு."

"அதைத்தானே நானும் சொல்றேன்! மத்தவன் எதுக்கு என்னைப் பாக்கணும்?"

"சட்டம் மாமா. வண்டி ஓடினா விளக்கு எரியணும். இந்த மாடல்ல அணைக்கிறதுக்கு ஸ்விட்சே கிடையாது. நானும் கை வைக்க மாட்டேன், என் லைசென்ஸ் போயிடும்."

"என் காசு போட்டு வாங்கின வண்டி. அதுல விளக்கு எரியறதும் எரியாததும் என் இஷ்டம் இல்லையா? அப்புறம் எதுக்கு என்கிட்ட சாவியைக் குடுத்தீங்க? சட்டத்துக்கிட்டயே குடுத்திருக்கலாமே!"

"சாவியைக் குடுத்தது நான் இல்ல மாமா."

"சரி, அணைக்க வழியே கிடையாதா?"

"நிக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்தீங்கன்னா அணையும். எடுத்துட்டீங்கன்னா திரும்ப எரியும். அவ்வளவுதான்." யோருன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அது சரி, விளக்கு இல்லாம எங்க போகப் போறீங்க?"

அந்தக் கேள்விக்குத்தான் எய்லெர்ட்டால் பதில் சொல்ல முடியாது. "பேட்டரி வீணாகுது" என்றார்.

"இந்த விளக்குக்கா? நம்ம ரெண்டு பேர் ஆயுசும் முடிஞ்சாலும் அது முடியாது" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எய்லெர்ட் முகம் சிவக்க வண்டியை எடுத்தார். விளக்கும் கூடவே வந்தது.

விஷயம் இதுதான். இரண்டு நாள் முன்னால் கூட்டுறவுக் கடையின் காபி மூலையில் ஊர்க்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன், எய்லெர்ட்டின் மனைவிக்குத் தம்பி ஒட்மண்ட், காபியை உறிஞ்சிவிட்டுச் சாதாரணமாகச் சொன்னான்:

"போன வருஷம் முல்ட்டே சீசன்ல உன் வண்டியைப் பாத்தேன் மச்சான். அக்கரை ரோட்டுல ரெண்டு வெள்ளைப் பொட்டு மெதுவா ஊந்து போச்சு. பிர்ச் மரத்து வளைவு வந்ததும் பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு. நம்ம பக்கத்துல இருந்து பாத்தா எவ்வளவு தெளிவாத் தெரியுதுங்கறே!"

மற்றவர்கள் காபிக் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தார்கள். எய்லெர்ட்டுக்குப் புரையேறியது. கடைக்காரப் பெண் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனாள்.

முல்ட்டே என்பது அந்தப் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் தானாக விளையும் பழம். ஒரு செடிக்கு ஒரே பழம். பழுத்தால் தங்க நிறம். யாரும் பயிர் செய்ய முடியாது, காலில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கொசுக்கடியில் குனிந்து குனிந்துதான் பொறுக்க வேண்டும். அந்த ஊரில் ஒருவனிடம் அவன் சம்பளத்தைக் கேட்கலாம், ஆபரேஷன் தழும்பைக் காட்டச் சொல்லலாம். முல்ட்டே எங்கே பறித்தாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "மேலே" என்று வானத்தைக் காட்டுவார்கள். அப்பன் சாகிற வரைக்கும் பிள்ளைக்குச் சொல்ல மாட்டான். பெண்டாட்டிக்குச் சொல்வது பற்றிப் பேச்சே இல்லை.

எய்லெர்ட்டின் இடம் ஊருக்கு எதிரே, குறுகலான கடல் குடாவின் அக்கரையில், பிர்ச் மரத்து வளைவுக்குப் பின்னால் இருக்கிறது. ஆஸ்தாவோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியும் அவளிடம் மூச்சு விட்டதில்லை. மீன் ஆலையில் தரப் பரிசோதகராக இருந்து அடுத்தவன் மீனில் குற்றம் கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு ஊரில் அவரை யாரும் மதிக்கவில்லை. கிறிஸ்துமஸ் ராத்திரி மட்டும் கதை வேறு. பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் அடித்த பாலாடையோடு முல்ட்டே மேஜைக்கு வரும். உறவு முழுக்க ஸ்பூனோடு காத்திருக்கும். "ஐயோ, இவ்வளவு பழமா! எங்க பறிச்சீங்க?" என்று மருமகன் வாய் தவறிக் கேட்பான். எய்லெர்ட் நாற்காலியில் சாய்ந்து, "மேலே" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனிதர் மிச்ச வருஷத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த இடம் போய்விட்டால் அவரிடம் மிச்சம் என்ன, சொல்லுங்கள்? வாத வலியும் ஒரு காரும்தான்.

அதையும் அந்தக் காரே காட்டிக் கொடுக்கிறது!

அவர் யாருடைய இடத்துக்காவது ஆசைப்பட்டவரா? கிடையவே கிடையாது. சமையலறை ஜன்னலில் ஒரு பைனாகுலர் இருக்கிறது, வாஸ்தவம். அது கப்பல் பார்க்க. கப்பல் வராத நேரத்தில் அது எந்தப் பக்கம் திரும்பினால் யாருக்கு என்ன? போன வருஷம் ஒட்மண்ட் வாளியோடு மலையேறியபோது எய்லெர்ட்டும் அதே பக்கம் நடந்தார். நடக்கச் சொன்னது டாக்டர். அந்த ஒட்மண்ட் என்ன செய்தான் தெரியுமா? பாதி வழியில் ஒரு பாறை மேல் உட்கார்ந்தான். ரொட்டியும் பழுப்புச் சீஸும் தின்றான். பிறகு குட்டித் தூக்கம் போட்டான். மத்தியானம் வரை ஒரு பழம்கூடப் பறிக்காமல் காலி வாளியோடு இறங்கி வந்தான். சொந்த அக்கா புருஷனையே சந்தேகப்படுகிறவன்! புதருக்குள் அத்தனை நேரம் கால் மரத்துக் கிடந்த எய்லெர்ட்டுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வருஷா வருஷம் ஆகஸ்ட் முதல் ஞாயிறு, ஊரே சர்ச்சில் இருக்கும் நேரத்தில், முதுகுவலி என்று சொல்லிவிட்டு எய்லெர்ட் அக்கரைக்குக் கிளம்புவார். இதைவிடப் பாதுகாப்பான நேரம் உண்டா? ஆனால் ஒட்மண்ட் சொன்ன பிறகுதான் மண்டையில் உறைத்தது. சர்ச்சு இருப்பது கடல்முனை மேட்டில். அதன் ஜன்னல்கள் எல்லாம் அக்கரையைத்தான் பார்த்திருக்கின்றன. ஊரே வரிசையாக உட்கார்ந்து, கையில் பாட்டுப் புஸ்தகத்தோடு, அவர் விளக்கு எங்கே போகிறது எங்கே நிற்கிறது என்று வேடிக்கை பார்த்திருக்கிறது!

"கர்த்தருடைய வீட்டுல உக்காந்து களவாணித்தனம்!" என்று எய்லெர்ட் வண்டிக்குள்ளேயே கத்தினார்.

பட்டறை கைவிட்ட பிறகு, மறுநாள் காலை அவர் தானே களத்தில் இறங்கினார். ஸ்டியரிங்குக்கு அடியில் ஃபியூஸ் பெட்டி இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் ஏதாவது ஒன்றில் விளக்கு அணைந்துதானே ஆக வேண்டும்? தலை பெடல் பக்கம், கால் கதவுக்கு வெளியே என்று தலைகீழாகப் படுத்துக்கொண்டு, என்ஜினை ஓட விட்டு, ஆரம்பித்தார்.

சிவப்பு ஃபியூஸைப் பிடுங்கினார். ரேடியோ வாயை மூடியது. பழுப்பைப் பிடுங்கினார். கண்ணாடி பாதி இறங்கி நின்றது. நீலத்தைப் பிடுங்கினார். அவ்வளவுதான், வண்டிக்குக் கிறுக்குப் பிடித்தது. வைப்பர் இரண்டும் காய்ந்த கண்ணாடியில் கிறீச் கிறீச்சென்று ஆட ஆரம்பித்தன. ஹாரன் விடாமல் அலறியது. பகல் விளக்கு அணைந்ததா என்றால், அதுவும் இல்லை. அதோடு சேர்ந்து பெரிய விளக்குகளும் பற்றிக்கொண்டன.

ஆஸ்தா கையில் மாவோடு ஓடி வந்தாள். அடுத்த வீட்டு ஒட்மண்ட் வேலியைத் தாண்டியே வந்துவிட்டான்.

"என்ன மச்சான், வண்டிக்கு ஆபரேஷனா?"

"ரேடியோ ரிப்பேர்!" என்றது பெடலுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"ரேடியோவா? நான் என்னமோ கலங்கரை விளக்கம் வெக்கறியோன்னு நெனச்சேன். வீட்டுக்குள்ள வரைக்கும் வெளிச்சம் அடிக்குது."

"நீ உன் ஜன்னலைச் சாத்திக்கிட்டு உள்ள இருடா! எங்க வீட்டு வண்டி, எங்க வீட்டு ஹாரன்!"

எந்த நிறம் எந்த ஓட்டையில் இருந்தது என்று மறந்துபோய், குத்துமதிப்பாகச் செருகி முடிக்க மத்தியானம் ஆயிற்று. ஹாரன் அடங்கியது. ரேடியோ நிரந்தரமாக ஊமையாயிற்று. பகல் விளக்கு மட்டும் முன்னைவிடத் தெளிவாக எரிந்தது, அல்லது எய்லெர்ட்டுக்கு அப்படித் தோன்றியது.

அணைக்க முடியாவிட்டால் போகிறது, மூடலாமே? அலமாரியில் ஆஸ்தா பின்னி வைத்திருந்த கறுப்புக் கம்பளிக் காலுறைகள் ஒரு ஜோடி இருந்தன. முழங்கால் வரை வரும் கனமான காலுறை. விளக்குக்கு ஒன்றாக மாட்டி, சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டினார். தள்ளி நின்று பார்த்தார். துளி வெளிச்சம் வெளியே வரவில்லை. வெற்றி! பரீட்சித்துப் பார்க்கலாம் என்று தெருவில் ஒரு சுற்றுப் போனார்.

கடை வாசலில் பால் வண்டிக்காரன் நிறுத்தினான். "என்ன, வண்டிக்குக் குளிருதா?"

தபால்காரி சைக்கிளை நிறுத்திக் குனிந்து பார்த்தாள். "நல்ல பின்னல். ஆஸ்தா கைவேலைதானே?"

படகுத்துறையில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். அவர் சிரிக்கவில்லை. "கழட்டுங்க" என்றார்.

"ஏன், சூரியன் இருக்குல்ல?"

"சூரியனுக்கு நான் பொறுப்பில்ல. உங்க விளக்குக்குப் பொறுப்பு. இன்னொரு தடவை பாத்தா அபராதம் எழுதிடுவேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அது சரி, யாருக்கும் தெரியாம எங்க போறதா இருக்கீங்க?" என்றார்.

எல்லோருக்கும் அதே கேள்வி! பட்டறைக்காரி கேட்டாள், போலீஸ் கேட்கிறது. ஒரு மனுஷன் தன் சொந்த வண்டியில் அடக்கமாக, ஆர்ப்பாட்டம் இல்லாமல் போக நினைத்தால் இந்த ஊருக்குப் பொறுக்காது. சாயங்காலத்துக்குள் எய்லெர்ட் விளக்கை மறைத்துக்கொண்டு எங்கோ போகப் பார்க்கிறார் என்பது கடைசி வீட்டு நாய் வரைக்கும் தெரிந்துவிட்டது. மறைக்கப் போய், பத்து மடங்கு விளம்பரம்.

வீட்டில் ஆஸ்தா டேப் பசை ஒட்டிய காலுறைகளை மேஜை மேல் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

"இது சர்ச் விற்பனைக்குப் பின்னினது. எய்லெர்ட், என் கண்ணைப் பாத்துச் சொல்லு. விளக்கு இல்லாம யாரைப் பாக்கப் போறே?"

"யாரையும் இல்ல."

"அக்கரை போர்கில்ட் வீட்டுக்கா?"

போர்கில்ட் அக்கரையில் தனியாக ஆடு வளர்க்கும் விதவை. நன்றாக வாஃபிள் அப்பம் சுடுவாள். ஒரு பக்கம் அப்பா காலத்துச் சதுப்பு நிலம். இன்னொரு பக்கம் இந்த வயதில் சின்ன வீடு வைத்திருக்கிறான் என்ற பழி. எதைக் காப்பாற்றுவது? அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்படித்தான்னு வெச்சுக்கோயேன்" என்றார் மெல்ல.

ஆஸ்தா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். "அவ்வளவுதானே? நான்கூட என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள். உள்ளேயிருந்து மெல்லிய பாட்டுச் சத்தம் வேறு கேட்டது.

எய்லெர்ட்டுக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! கட்டின புருஷன் அடுத்தவள் வீட்டுக்குப் போகிறேன் என்கிறான். ஒரு தட்டு உடைய வேண்டாமா? ஒரு சொட்டுக் கண்ணீர் வேண்டாமா? இவளுக்காகவா வருஷா வருஷம் கொசுக்கடி வாங்கினோம் என்று சுவரைப் பார்த்துப் புலம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆஸ்தா பெரிய பையைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பினாள்.

"முதுகு எப்படி இருக்கு?"

"ரொம்ப மோசம்."

"போர்கில்டைக் கேட்டதாச் சொல்லு" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

எய்லெர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தார். என்ஜினை முடுக்கியதும் விளக்குகள் எரிந்தன. அப்போதுதான் யோருன் சொன்னது ஞாபகம் வந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் அணையும் என்றாளே? முழுக்க இழுத்தால் வண்டி நகராது. ஒரே ஒரு பல் இழுத்தால்? மெல்ல இழுத்தார். 'டிக்' என்றது. விளக்கு அணைந்தது. முதல் கியரில் விட்டார். வண்டி ஒரு முனகலோடு நகர்ந்தது. விளக்கு எரியவில்லை!

ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு எய்லெர்ட் வாய்விட்டுச் சிரித்தார். வானம் மூட்டம் போட்டிருந்தது. கடல் சாம்பல், ரோடு சாம்பல், காரும் சாம்பல். கடலைச் சுற்றிக்கொண்டு அக்கரை ரோட்டில் அவர் போனபோது, எதிர் மேட்டில் வெள்ளைச் சர்ச்சு தெரிந்தது. "பாருங்கடா, பாருங்க! நல்லாக் கண்ணை விரிச்சுப் பாருங்க!" என்று அதைப் பார்த்துக் கையாட்டினார்.

வண்டி வழக்கத்தைவிடக் கனமாக இழுத்தது. மேட்டில் திணறியது. பாதி வழியில் ஏதோ கருகும் வாசனையும் வந்தது. யாரோ பண்ணைக்காரன் பழைய ரப்பரை எரிக்கிறான், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, இவர்களையெல்லாம் யாரும் கேட்பதில்லை என்று திட்டிக்கொண்டே கண்ணாடியை ஏற்றினார். அது பாதியில் நின்றது.

வளைவு தாண்டி மரங்களுக்குப் பின்னால் வண்டியை ஒளித்து நிறுத்தினார். வாளியை எடுத்துக்கொண்டு, புதரை விலக்கி, ஓடைக்குக் குறுக்கே தானே போட்டு வைத்திருந்த பலகைகள் மேல் ஏறி அந்தப் பக்கம் போனார். அப்படியே நின்றுவிட்டார்.

பாசி முழுக்கத் தங்கம். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு விளைச்சலை அவர் பார்த்ததில்லை. காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கொசு மொய்த்தது, அவர் சட்டை செய்யவில்லை. குனிந்து பறித்தார், பறித்தார், வாளி கொள்ளாமல் பறித்தார். மனசு நிறைந்து வழிந்தது. கிறிஸ்துமஸ் மேஜையில் உட்கார்ந்திருப்பதுபோல மார்பை நிமிர்த்திக்கொண்டு, "மேலே" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் மரங்களுக்கு மேலே கரும்புகை தெரிந்தது.

வாளியோடு ஓடினார். ஒரு பல் இழுத்த பிரேக்கில் வழி முழுக்க உரசிக்கொண்டே வந்த பின்சக்கரம் இரண்டும் குபுகுபுவென்று புகைந்தன. ஒரு சக்கரத்துக்கு அடியில் காய்ந்த புல் பற்றி எரிய ஆரம்பித்திருந்தது. காலால் மிதித்தார். பூட்ஸ் உருகும் நாற்றம் வந்தது. தண்ணீர் வேண்டும். தண்ணீர் ஓடையில் இருக்கிறது. கையில் இருப்பது ஒரே ஒரு வாளி. அதில் இருப்பது பழம்.

எய்லெர்ட் பழத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார். திரும்பப் பழத்தைப் பார்த்தார். நெருப்பு டயருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "நாசமாப் போற விளக்கே!" என்று அழாக்குறையாக ஒரு கத்துக் கத்திவிட்டு, வாளியை அப்படியே பாசி மேல் கவிழ்த்தார்.

ஓடைத் தண்ணீரை மொண்டு மொண்டு வீசினார். நெருப்பு அணைந்தது. ஆனால் பழுக்கக் காய்ந்த சக்கரத்தில் தண்ணீர் பட்டதும் 'புஸ்' என்று வெள்ளை ஆவி கிளம்பி, மரத்துக்கு மேலே, மலைக்கு மேலே என்று தூண்போல எழும்பி நின்றது. கரும்புகையாவது பரவாயில்லை, பழைய ரப்பர் என்று சமாளித்திருக்கலாம். இது அக்கம்பக்கத்துத் தீவுகளிலிருந்தெல்லாம் தெரியும்.

எதிர் மேட்டில் சர்ச்சு மணி அடிக்க ஆரம்பித்தது. ஆராதனை முடிந்து அடிக்கிற மணி இல்லை, படபடவென்று அடித்த மணி. கொஞ்ச நேரத்தில் கடலோர ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள். எல்லாக் காரிலும் அந்தப் பாழாய்ப்போன பகல் விளக்கு. எண்ணி முடியாத வரிசை. எல்லாம் இந்தப் பக்கமாகவே வந்தன.

எய்லெர்ட் ஓடையைத் தாண்டி ஓடி, சதுப்போரத்து வில்லோப் புதருக்குள் நுழைந்து குப்புறப் படுத்துக்கொண்டார். வண்டியைப் பார்ப்பார்கள், ரோட்டோரம் தேடுவார்கள், ஆள் இல்லை என்று திரும்பிப் போவார்கள். சதுப்பு எங்கே இருக்கிறதென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு காலடிச் சத்தம். அது ரோட்டோரம் எங்கும் சுற்றவில்லை. நேராகப் புதரை விலக்கியது, இடது பக்கம் திரும்பியது, பலகைமேல் வரிசையாகத் தடதடவென்று ஏறியது.

"அந்த ரெண்டாவது பலகை ஆடும், பாத்து வாங்க" என்றது ஒட்மண்டின் குரல்.

எய்லெர்ட் முகத்தைப் பாசிக்குள் புதைத்துக்கொண்டார்.

"எய்லெர்ட்!" இது ஆஸ்தா. குரல் நடுங்கியது. "எய்லெர்ட், உசிரோட இருக்கியா? ஐயோ, எங்க கிடக்கறியோ!" பிறகு சட்டென்று அதே குரல் மாறியது. "வெளிய வா. உன் சிவப்புத் தொப்பி தெரியுது."

அவர் முட்டியில் பாசியோடு எழுந்து நின்றார். ஊர் மொத்தமும் எதிரில் நின்றது. பால் வண்டிக்காரன், தபால்காரி, போலீஸ்காரர், பட்டறை யோருன், கடைக்காரப் பெண், ஆடு வளர்க்கும் போர்கில்ட்கூட. நடுவில் கறுப்பு அங்கியோடு போதகரம்மா ஹெர்டிஸ். ஆஸ்தா ஓடி வந்து அவர் முகத்தைத் தடவி, கையைத் தடவி, எல்லாம் இருக்கிறது என்று தெரிந்ததும் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

எய்லெர்ட்டுக்கு அடி உறைக்கவில்லை. அவர் வேறொன்றைப் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உடுப்புக்குக் கீழே அத்தனை பேர் காலிலும் ரப்பர் பூட்ஸ். அத்தனை பேர் கையிலும் வாளி. போதகரம்மாவின் அங்கிக்குக் கீழேயும் பச்சைப் பூட்ஸ். சர்ச்சுப் பை என்று ஆஸ்தா தூக்கிக்கொண்டு போனதற்குள்ளிருந்தும் ஒரு வாளிக் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆஹா!" என்றார். "ஆஹாஹா! வாளியோட வந்திருக்கீங்க! மனுஷன் எரிஞ்சு கிடக்கானான்னு பாக்க வர்றவங்க வாளியோடயா வருவாங்க?"

"நெருப்பை அணைக்கத்தான்" என்றார் போலீஸ்காரர் வேறெங்கோ பார்த்தபடி.

"பழம் பறிக்கிற வாளியிலயா? யாருகிட்ட கதை விடறீங்க? கர்த்தர் சந்நிதியில உக்காந்து என் விளக்கை வேவு பாத்து, என் அப்பன் காலத்து இடத்தைக் கொள்ளையடிக்கிற கூட்டம்! டேய் ஒட்மண்ட், சொல்லு, எத்தனை வருஷமாடா இந்த இடம் உனக்குத் தெரியும்?"

"உன் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே தெரியும் மச்சான்."

"ஆஸ்தா! உனக்கு?"

"எனக்கும்தான். பலகை ஆடுது, ஆணி அடின்னு எத்தனை வருஷமாச் சொல்ல நெனச்சேன்."

எய்லெர்ட் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "அப்போ இத்தனை வருஷமும் என் பழத்தைத் தின்னீங்களா? வெக்கமா இல்லையா உங்களுக்கு? ஒரு வயசான மனுஷன்கிட்ட மிச்சம் இருக்கிறதே இது ஒண்ணுதான்யா! இதையும் பிடுங்கிட்டா நான் எதைப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன்?"

கத்திய வேகத்தில் கடைசி வார்த்தை உடைந்துவிட்டது. போர்கில்ட்தான் மெல்லக் கேட்டாள்.

"கொஞ்சம் திரும்பிப் பாருங்க எய்லெர்ட். எந்த வருஷமாவது ஒரு பழம் குறைஞ்சிருக்கா?"

அவர் திரும்பிப் பார்த்தார். பாசி முழுக்கத் தங்கம் அப்படியே கிடந்தது. யோசித்துப் பார்த்தார். ஒரு வருஷமும் யாருடைய காலடியும் இருந்ததில்லை. ஒரு காம்புகூட ஒடிந்திருந்ததில்லை.

"இல்ல" என்றார். குரல் இறங்கிவிட்டது. ஆனால் சந்தேகம் இறங்கவில்லை. "அப்போ எதுக்கு என் விளக்கையே பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

போலீஸ்காரர் தன் பூட்ஸைப் பார்த்தார். யோருன் வாளிக்குள் பார்த்தாள். ஒட்மண்ட் இருமினான். ஆஸ்தா, "நான் சொல்ல மாட்டேன், வீட்டுக்குப் போய் நான்தான் இவர்கூடக் குடித்தனம் பண்ணணும்" என்று பின்னால் நகர்ந்துகொண்டாள்.

கடைசியில் போதகரம்மா ஹெர்டிஸ் முன்னால் வந்தார். தொண்டை கட்டிப்போய், குரல் கரகரவென்று வந்தது.

"இன்னைக்கு ஆதியாகமத்துல ஆரம்பிச்சு ராஜாக்கள் புஸ்தகம் வரைக்கும் பிரசங்கம் பண்ணிட்டேன் எய்லெர்ட். முடிக்கவே முடியல."

"ஏன், உங்களை யாரு முடிக்க வேண்டாம்னு சொன்னா?"

"நீங்க எங்க பின்னாடி வரலைன்னு தெரிஞ்சாத்தானே நான் ஆமென் சொல்லி, நாங்க எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் பழம் பறிக்கப் போக முடியும்? அது எங்களுக்குத் தெரியறதே உங்க விளக்கு இந்த வளைவுல வந்து அணையறதை வெச்சுத்தான்!"